முறைக்காய்ச்சல்

எனக்கு ஐம்பத்திரண்டு நடக்கும்போது
ஒரு பெண் என் கோப்பைப் பின்னாலிருந்து படித்தாள்.
லெட்டர்கென்னி மருத்துவமனையில்
ஆறு மாதத் தற்காலிக வேலைக்கு வந்தவள்.
கனத்த கோப்பு, இரண்டு ரப்பர் வளையம்.
அடியில் கிடந்தது
பத்தொன்பது வயதில் வெட்டியெடுத்த என் குடல்வால்:
"பழுது ஏதும் காணப்படவில்லை."

பழுதில்லாததை ஏன் எடுத்தீர்கள் என்று
அன்று கேட்கத் தோன்றவில்லை.
காய்ச்சல் இறங்கியிருந்தது, அது போதும்.

வந்தால் மூன்று வாரம் இருக்கும்.
தோளில் ஒரு சிவப்பு, உள்ளங்கை அகலம்,
நாளுக்கு ஒரு விரற்கடை கீழே நகர்ந்து
மணிக்கட்டுக்கு வந்து காணாமல் போகும்.
வயிறு பலகையாகும்.
கண்கள் வீங்கும்.
பள்ளிப் பேருந்தை நான் ஓட்டி வருவதைப் பார்த்த தாய்மார்கள்
என் கணவனோடு பேசுவதை நிறுத்தினார்கள்.
பாவம் யூஜின்,
ஈயைக்கூட ஜன்னல் திறந்து வழியனுப்புகிறவன்.

கிருமி என்றார்கள். வேறொரு கிருமி என்றார்கள்.
வீட்டில் ஏதேனும் கவலையா என்றார்கள்.
மாதவிலக்கு நிற்கிற வயசு என்றார்கள்,
அப்போது எனக்கு முப்பத்தெட்டு.
ஒருவர் மட்டும் "தெரியவில்லை" என்றார்.
அவரை எனக்குப் பிடித்திருந்தது.
ஓய்வுபெற்றுப் போய்விட்டார்.

கில்லிபெக்ஸ் துறைமுகக் கடையில்
ஓத அட்டவணை விற்பார்கள், சட்டைப்பைக்குள் அடங்கும்.
வருடா வருடம் வாங்கி
ஓதம் ஏறும் நேரத்துக்குப் பக்கத்தில்
காய்ச்சல் நாளுக்கு ஒரு கோடு கிழித்தேன்.
கடலுக்குக் கணக்கு இருந்தது.

அந்தப் பெண் கேட்டாள்:
"உங்கள் வீட்டில் வேறு யாருக்கு?"

முப்பத்து மூன்று வருடத்தில்
யாரும் கேட்காத கேள்வி.

அப்பா மேனஸ்.
வலை இழுக்கும் நேரம் பார்த்துப் படுத்துக்கொள்கிறான் என்று
படகுக்காரர்கள் பாதிக் கூலியோடு கரையில் இறக்கிவிட்டார்கள்,
மூன்று வெவ்வேறு படகுகளிலிருந்து.
பிறகு என் தம்பி கோனல்.
மீன் ஆலையில் கானாங்கெளுத்திப் பெட்டி அடுக்கியவன்.
அவன் காய்ச்சலுக்கு மேலாளர் வைத்த பெயர் "திங்கட்கிழமை."
குடிப்பதில்லை என்று பன்னிரண்டு வயதில் சபதம் செய்து
அதற்கான சின்னத்தைச் சட்டையில் குத்தியிருந்தவனை
குடிகாரன் என்று வெளியே அனுப்பினார்கள்.
நாற்பத்து நான்கில் அவன் சிறுநீரகங்கள் இரண்டும்
மெழுகாகிவிட்டன என்றார்கள்.
மெழுகுக்கும் காய்ச்சலுக்கும் நடுவில்
எவரும் ஒரு கோடு கிழிக்கவில்லை.
நானும்தான்.

ரத்தம் டப்ளினுக்குப் போயிற்று.
பதினான்கு வாரம் கழித்து ஒரு கடிதம்:
மரபணுவில் ஓர் எழுத்து மாறியிருக்கிறது.
தலையெழுத்து என்று அம்மா அலுத்துக்கொண்டபோது
எந்த எழுத்து என்று கேட்டிருக்க வேண்டும்.

முறை வைத்து வருகிறது என்றுதான் நினைத்திருந்தேன்.
அது முறை சொல்லிக்கொண்டு வந்திருக்கிறது:
உன் அப்பனுக்கு வேண்டியவன்,
உன் தம்பிக்கு வேண்டியவன்.

இப்போது குளிர்பெட்டியில்
வெண்ணெய்க்குப் பக்கத்தில் ஊசிமருந்து.
ஐந்து மாதமாக அட்டவணையில் ஓதம் மட்டும்.
உடம்பு நன்றாக இருக்கும் செவ்வாய்க்கிழமையில்
என்ன செய்வதென்று தெரியாமல்
பேருந்தை இரண்டு முறை கழுவினேன்.

பெட்ரோல் நிலையத்தில் பழைய மேலாளர்,
எண்பதிருக்கும், ஊன்றுகோலோடு.
"கோனல் குடிக்கவில்லை" என்றேன்.
"யார் கோனல்?" என்றார்.
நடிக்கவில்லை, உண்மையாகவே கேட்டார்.
மீதிச் சில்லறை வாங்காமல் வந்துவிட்டேன்.

நேற்றிரவு பெர்த்திலிருந்து மகன்.
அங்கே விடிந்திருந்தது.
மறுபடி ஃப்ளூ அம்மா, சுரங்கத்தில் எல்லாருக்கும் வருவதுதான்.
எத்தனை நாள், ஓரன்?
பன்னிரண்டு.
எந்தத் தோள்?

வெகுநேரம் அவன் மூச்சு மட்டும் கேட்டது.
"இடது" என்றான்.

காதில் தொலைபேசியோடு
மேசை இழுப்பறையில்
பேனாவைத் தேடினேன்.